ஓணம்

ஓணம் கேரள மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் அறுவடைத் திருநாள் ஆகும். மலையாள நாட்காட்டியின் முதல் மாதமான சிங்ஙத்தில், அத்தம் (அஸ்தம்) நட்சத்திரத்தன்று தொடங்கி, பத்தாம் நாளாகிய திருவோணத்தன்று இது உச்சத்தை அடைகிறது. தமிழ்க் கணக்கில் இது ஆவணி மாதம். ஆங்கில நாட்காட்டிப்படி ஆகஸ்டு பிற்பகுதிக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். முற்காலத்தில் நாட்டை ஆண்ட மகாபலி மன்னன் தன் மக்களைக் காண ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறான் என்பது இத்திருநாளின் அடிப்படை நம்பிக்கை. மலையாளிகள் அவனை மாவேலி என்று அழைப்பர். இந்துக்கள், கிறித்தவர்கள், இசுலாமியர்கள் எனப் பல சமயத்தவரும் கொண்டாடும் ஓணத்தைக் கேரள அரசு 1961ஆம் ஆண்டு மாநிலத்தின் தேசியத் திருவிழாவாக அறிவித்தது.

ஓணத்தைப் பற்றி மலையாளத்தில் இரண்டு பழமொழிகள் உண்டு. "காணம் விற்றும் ஓணம் உண்ண வேண்டும்" என்பது ஒன்று. காணம் என்பது பழைய நிலவுடைமை முறையில் நிலத்தின் மீதான ஓர் உரிமை. அதை விற்றாவது ஓண விருந்து உண்ண வேண்டும் என்பது பொருள். மற்றொன்று, "ஓணம் வந்தாலும் உண்ணி பிறந்தாலும் கோரனுக்குக் கும்பிளில் கஞ்சி" என்பது. உண்ணி என்றால் குழந்தை. கோரன் என்பது வயலில் பாடுபட்ட ஒடுக்கப்பட்ட மக்களிடையே வழங்கிய பெயர். கும்பிள் என்பது இலையை மடித்துச் செய்யும் குழிவான தொன்னை. வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் உழைப்பவனுக்கு அதே கஞ்சிதான் என்கிறது இப்பழமொழி. எல்லோரும் சமமாக வாழ்ந்த காலத்தை நினைவுகூரும் திருநாளைப் பற்றி இவ்விரண்டு பழமொழிகளும் ஒரே மொழியில் வழங்கிவருகின்றன. ஓணத்தைப் புரிந்துகொள்ள இரண்டும் தேவை.

காலமும் விளைச்சலும்

கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. இதன் மாதங்கள் இராசிகளின் பெயரால் அமைந்தவை. சூரியன் சிம்ம இராசியில் இருக்கும் மாதம் சிங்ஙம். அதற்கு முந்தைய மாதமான கர்க்கடகம் தமிழரின் ஆடிக்கு நிகரானது. தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் அம்மாதத்தில் வயலிலும் தோப்பிலும் வேலை இருக்காது, பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும், நோயும் பரவும். அதனால் இதைப் பஞ்சக் கர்க்கடகம் என்றே மக்கள் அழைத்தனர். மாலையில் விளக்கேற்றி இராமாயணம் படிப்பதும், மருந்துக் கஞ்சி குடிப்பதும் இம்மாத வழக்கங்கள். இவ்வளவு இருண்ட மாதத்துக்குப் பின் மழை தணிந்து, வெயில் வந்து, வரப்புகளில் பூக்கள் மலர்ந்து, முதல் போக நெல் முற்றும் நேரத்தில் சிங்ஙம் பிறக்கிறது. அதை மலையாளிகள் ஏன் 'பொன்னின் சிங்ஙம்' என்கிறார்கள் என்பது கர்க்கடகத்தை அறிந்தவர்க்கே விளங்கும்.

கேரளத்தில் நெல் மூன்று போகங்களில் பயிராகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் விதைத்து ஓணத்தை ஒட்டி அறுக்கும் போகம் விரிப்பு. புரட்டாசியளவில் தொடங்கித் தை மாதத்தில் அறுப்பது முண்டகன். கோடையில் விளைவது புஞ்சை. தமிழில் புஞ்சை என்பது மானாவாரி நிலத்தைக் குறிக்கும், அங்கோ அது ஒரு நெல் போகத்தின் பெயர். ஓணத்துக்கு உரியது விரிப்புப் போகம். ஆயினும் திருவோணம் முன்னதாக வரும் ஆண்டுகளில் பல வயல்களில் அறுவடை முடிந்திருக்காது. அறுவடையைத் தொடங்கும் சடங்காக நிறை, புத்தரி ஆகிய இரண்டும் ஓணத்துக்கு முன்பே நடைபெறுகின்றன. புதிய நெற்கதிர்களைக் கொண்டுவந்து வீட்டின் நிலைப்படியிலும் பத்தாயத்திலும் கட்டுவது நிறை. புது அரிசியைச் சமைத்து உண்பது புத்தரி. சபரிமலை, குருவாயூர் உள்ளிட்ட கோயில்களில் நிறைபுத்தரி இன்றும் நடக்கிறது.

மகாபலியின் கதை

மகாபலி பிரகலாதனின் பேரன், அசுர குலத்தவன். மூவுலகையும் வென்று ஆண்ட அவன் வேள்வி செய்தபோது, திருமால் குள்ள வடிவ அந்தணச் சிறுவனாகிய வாமனனாக வந்து மூன்றடி மண் கேட்டார். வந்தவர் யார் என்பதைக் குல குருவான சுக்கிராச்சாரியார் எச்சரித்தும் பலி கொடுத்த வாக்கை மாற்றவில்லை. வாமனன் நெடிதுயர்ந்து இரண்டடியில் மண்ணையும் விண்ணையும் அளந்துவிட, மூன்றாவது அடிக்குப் பலி தன் தலையைக் காட்டினான். இது பாகவத புராணத்தின் எட்டாம் கந்தத்தில் விரிவாகச் சொல்லப்படுகிறது.

அந்நூலில் பலியின் வேள்வி நருமதை ஆற்றின் வடகரையில் நடந்ததாகக் கூறப்படுகிறது. கேரளம் அங்கே குறிக்கப்படவில்லை. பலி ஆண்டுக்கொரு முறை தன் குடிகளைக் காண வருவான் என்ற செய்தியும் அதில் இல்லை. அது மலையாள நாட்டு மக்கள் சேர்த்துக்கொண்ட பகுதி. கதையின் உயிர் அப்பகுதியில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். புராணத்தில் வெற்றி பெற்றவர் வாமனன். ஓணத்தன்று மக்கள் வாசலில் கோலமிட்டு எதிர்கொள்வதோ தோற்று நாடிழந்தவனை. அவன் ஆண்டபோது பொய்யும் களவும் கள்ள அளவைகளும் இல்லை, மனிதர் எல்லோரும் ஒன்றுபோல் வாழ்ந்தனர் என்று நாட்டுப்புறப் பாடல்கள் பாடுகின்றன. கள்ள நாழியும் கள்ளப் படியும் பற்றிய பேச்சு நெல்லை அளந்து கூலி பெற்ற மக்களின் கவலையைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

இருவரில் யாருக்கும் குறைவில்லாதபடி வழிபாடும் நடக்கிறது. கொச்சிக்கு அருகிலுள்ள திருக்காக்கரையில் வாமனமூர்த்தி கோயில் உள்ளது. நம்மாழ்வார் பாடிய இத்தலம் திருக்காட்கரை என்ற பெயரில் வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகும். வாமனனின் திருக்கால் பட்ட இடம் என்று அதன் பெயருக்கு விளக்கம் சொல்வர். இங்கும் அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் திருவிழா நடைபெறுகிறது.

ஓண நாள் பற்றிய பழைய சான்று தமிழிலேயே கிடைக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையில் திருமாலுக்குரிய ஓண நாள் கொண்டாடப்பட்டதையும், அன்று மறவர்கள் போர் விளையாட்டு நிகழ்த்தியதையும் சொல்கிறது. மகாபலியின் வருகை அங்கே பேசப்படவில்லை. கேரளத்தின் சில ஊர்களில் நடக்கும் ஓணத்தல்லு என்னும் கையடி விளையாட்டை இதனோடு ஒப்பிடுவோர் உண்டு.

அத்தம் முதல் உத்திராடம் வரை

அத்தம், சித்திரை, சோதி, விசாகம், அனிழம், கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம் என்பன பத்து நாட்களின் பெயர்கள். 'அத்தம் கறுத்தால் ஓணம் வெளுக்கும்' என்பது மலையாளத்தில் வழங்கும் வானிலைக் கணிப்பு. தொடக்க நாளில் மேகம் மூடி மழை பெய்தால் திருவோணத்தன்று நல்ல வெயில் அடிக்கும் என்று நம்பினர்.

அத்தத்தன்று கொச்சிக்கு அருகிலுள்ள திருப்பூணித்துறையில் அத்தச்சமயம் என்னும் ஊர்வலம் நடைபெறுகிறது. முன்பு கொச்சி மன்னர் பரிவாரங்களுடன் குடிகளைக் காண வெளிவரும் நிகழ்ச்சியாக இது இருந்தது. நெட்டூர் தங்ஙள், கரிங்ஙாச்சிறைக் கத்தனார், செம்பில் அரையன் ஆகிய மூவருக்கும் அதில் மரபுரிமையான இடம் இருந்தது. முதலாமவர் இசுலாமியப் பெரியவர், இரண்டாமவர் சிரியன் கிறித்தவப் பாதிரியார், மூன்றாமவர் மீனவ சமூகத் தலைவர். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது இவ்வூர்வலம் நின்றுபோனது. 1961இல் மக்கள் விழாவாக மீண்டும் தொடங்கப்பட்டது. இப்போது அரசருக்குப் பதில் மாவேலி வேடமிட்டவர் வருகிறார். அலங்கார வண்டிகளும் நாட்டுப்புறக் கலைக் குழுக்களும் தொடர்கின்றன.

வீடுகளில் அத்தத்தன்று பூக்களம் இடத் தொடங்குவர். முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, அதன் மேல் மலர்களை வட்டமாக அடுக்குவது பூக்களம். அத்தப்பூ என்றும் இதைச் சொல்வதுண்டு. மாவுக்கோலத்துக்குப் பழகிய தமிழர் இதைப் பூக்கோலம் என்பர். முதல் நாள் ஓரடுக்கு. பிறகு நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகும். முதல் நாட்களில் தும்பைப்பூவுக்கே முதலிடம். மிகச் சிறிய, எளிய இந்த வெண்மலர்தான் மாவேலிக்கு மிகவும் பிடித்தது என்பர். செம்பருத்தி போன்ற சிவந்த பூக்களைச் சோதி நாளிலிருந்துதான் சேர்ப்பது என்ற முறையைப் பல வீடுகள் கடைப்பிடித்தன. மூல நாளில் சில இடங்களில் சதுர வடிவில் களம் இடுவர். முக்குற்றி, காக்காப்பூ, வெட்சி, சங்குப்பூ, காசித்தும்பை ஆகியவை பழைய பூக்களத்தின் மலர்கள். இவற்றுள் எதுவும் விலைக்கு வாங்கியதில்லை. விடியற்காலையில் பிள்ளைகள் ஓலையால் முடைந்த பூக்கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பூவிளி என்னும் கூவலுடன் வரப்புகளிலும் மேடுகளிலும் அலைந்து பறித்து வருவார்கள். எந்தப் பூ எங்கே எந்த வாரத்தில் மலரும் என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

உத்திராடத்தை முதல் ஓணம் என்பர். மறுநாளுக்கு வேண்டிய காய்கறி, துணிமணி, வாழைக்குலை அனைத்தையும் அன்று ஒரே மூச்சில் வாங்கி முடிக்கக் கடைத்தெரு முழுவதும் கூட்டம் மோதும். இந்த அலைச்சலுக்கு மலையாளத்தில் 'உத்திராடப் பாய்ச்சல்' என்று பெயர். கடைசி நேர ஓட்டம் எதையும் இச்சொல்லால் குறிக்கும் அளவுக்கு அது வழக்கில் ஊறிவிட்டது.

திருவோண நாள்

திருவோணத்தன்று அதிகாலையில் குளித்து, ஓணக்கோடி எனப்படும் புத்தாடை உடுப்பர். வீட்டின் மூத்தவர் மற்றவர்களுக்கு ஓணக்கோடி கொடுப்பது முறை. பூக்களத்தின் நடுவில் திருக்காக்கரையப்பன் அல்லது ஓணத்தப்பன் என்னும் களிமண் உருவங்களை வைப்பார்கள். நான்கு பக்கமும் சரிந்து மேலே கூம்பும் இவ்வுருவத்தின் மீது அரிசி மாவைக் கரைத்துக் கோலமாக வார்த்து, உச்சியில் தும்பைப்பூவைச் செருகுவர். இது வாமனன் என்று சிலரும், மாவேலி என்று சிலரும் சொல்வர். வீட்டுக்கு வீடு விடை மாறும்; யாரும் இதற்காகச் சண்டையிடுவதில்லை. அரிசி மாவுக்குள் வெல்லமும் தேங்காயும் வைத்து இலையில் வேகவைத்த அடையைப் படைத்து, ஆண்கள் 'ஆர்ப்போ' என்று குரலெடுத்து ஆர்ப்பரித்து மாவேலியை வரவேற்பர்.

நண்பகலில் ஓணசத்யா எனப்படும் விருந்து. தலைவாழை இலையில் குத்தரிசிச் சோற்றைச் சுற்றி உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை வரட்டி, புளியிஞ்சி, மாங்காய், நாரங்காய் ஊறுகாய்கள், பச்சடி, கிச்சடி, அவியல், தோரன், ஓலன், காளன், எரிசேரி, கூட்டுக்கறி, பப்படம், பழம் ஆகியவை இடம்பெறும். தமிழகத்தில் கிச்சடி என்றால் நினைவுக்கு வரும் ரவைக் கிச்சடி அல்ல இது. வெள்ளரி முதலிய காயைத் தயிரில் சேர்த்துத் தாளித்த கூட்டு. முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், அதன்பின் பாயசம், ரசம், மோர் என்பது பரிமாறும் பொது வரிசை. ஊருக்கு ஊர் சற்று மாறும். பாயசத்துக்குப் பிறகும் சோறு உண்பது தமிழருக்கு வியப்பாக இருக்கலாம். பாயச வகைகளில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேரும் அடைப் பிரதமனுக்குத் தனி மதிப்பு.

திருவனந்தபுரத்தில் பாற்பாயசத்தோடு போளி பரிமாறப்படும். போளியை இலையில் பிய்த்துப் போட்டு அதன் மேல் பாயசத்தை ஊற்றி உண்பர். வடக்கே மலபாரில் பல வீடுகளில் ஓண விருந்தில் மீனும் இறைச்சியும் இருக்கும். ஓணசத்யா என்றால் சைவ உணவு மட்டுமே என்ற எண்ணம் கேரளம் முழுவதற்கும் பொருந்தாது.

காழ்ச்சக்குலையும் கோரனின் கஞ்சியும்

ஓணம் நிலவுடைமைச் சமுதாயத்தில் வளர்ந்த திருநாள். பழைய முறையில் நிலம் சன்மி எனப்பட்ட உடைமையாளருக்கு உரியது. அவரிடம் குத்தகைக்கு எடுத்தவர் குடியான். அதற்கும் கீழே வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது. ஓணத்துக்கு முன் குடியானவர்கள் தம் தோட்டத்தில் விளைந்ததிலேயே சிறந்த நேந்திரன் குலையைச் சன்மியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்குக் காழ்ச்சக்குலை என்று பெயர். காய்கறிகளும் கொண்டுசெல்வர். குயவர் மண்பாண்டமும், கொல்லர் அரிவாள் கத்தியும், தச்சர் மரப்பொருளும், பாய் முடைவோர் பாயும் ஓணக்காழ்ச்சையாகக் கொடுத்தனர். பதிலுக்கு நெல்லும் எண்ணெயும் ஒரு துண்டுத் துணியும் கிடைத்தன.

இதை அன்பின் பரிமாற்றம் என்று எழுதுவோர் பலர். அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டு முழுவதும் உழைத்தவர் வீட்டில் அன்று ஒரு நேரமாவது சோறு பொங்கியது. ஆனால் கொடுக்காமல் இருக்கும் உரிமை குடியானவனுக்கு இல்லை. நல்ல குலை சன்மியின் உத்தரத்தில் தொங்க, வளர்த்தவன் வீட்டுக்கு எஞ்சியதுதான் மிஞ்சியது. கோரனின் பழமொழி இந்த இடத்தில் பிறந்ததுதான். தீண்டாமையால் பாத்திரம் மறுக்கப்பட்டவர்கள் மண்ணில் குழி தோண்டி அதில் இலையை வைத்தும், இலையைக் கும்பிளாக மடித்தும் கஞ்சி வாங்கினார்கள்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து குத்தகை முறையை ஒழித்தது. உழுத குடியான் நிலத்துக்கு உடைமையாளன் ஆனான். அத்துடன் சன்மி வீட்டுக் காழ்ச்சையும் மறைந்தது. வயலில் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இச்சட்டத்தால் பெரும்பாலும் குடியிருப்பு மனை மட்டுமே கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காழ்ச்சக்குலை இன்று கோயில் வழிபாடாகத் தொடர்கிறது. உத்திராடத்தன்று குருவாயூர்க் கோயிலின் கொடிமரத்தடியில் பக்தர்கள் பொன்னிற நேந்திரன் குலைகளைக் குவிப்பார்கள். இதற்கெனவே திருச்சூர் மாவட்டத்தில் வளர்க்கப்படும் செங்ஙாலிக்கோடன் என்னும் நேந்திரன் வகை புவிசார் குறியீடு பெற்றது.

மூன்றாம் ஓணமும் நான்காம் ஓணமும்

திருவோணத்துக்கு மறுநாள் அவிட்டம் மூன்றாம் ஓணம். அதற்கடுத்த சதயம் நான்காம் ஓணம். இவ்விரண்டு நாட்களும் கேரள வரலாற்றில் ஒரு புதுப்பொருள் பெற்றிருக்கின்றன. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளியின் நட்சத்திரம் சிங்ஙத்து அவிட்டம். செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவின் நட்சத்திரம் சிங்ஙத்துச் சதயம்.

அய்யன்காளி புலையர் சமூகத்தவர். அச்சமூகத்தினர் பொதுச்சாலையில் நடக்கத் தடை இருந்த காலத்தில், 1893இல் வில்வண்டி பூட்டி அச்சாலையில் பயணம் செய்தார். தம் சமூகப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, அப்படியானால் வயல்களில் இனி வேலை நடக்காது என்று அறிவித்து உழவுத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். அரசர்களுக்கும் சன்மிகளுக்கும் சோறு போட்ட வயல்கள் தரிசாகக் கிடந்தன. பழமொழியில் கஞ்சிக்குக் கையேந்தி நின்ற கோரன் அரிவாளைக் கீழே வைத்த நிகழ்ச்சி அது. நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி, கோயில் உரிமை பிறப்பால் வருவதன்று என்று காட்டினார். மாவேலியைப் பற்றிய பாட்டில் எல்லோரும் ஒன்றாக வாழ்ந்ததாகச் சொல்லப்படுவதை நடப்பில் கேட்ட இருவரின் பிறந்த நாட்கள் திருவோணத்தின் அடுத்தடுத்த நாட்களில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் அவ்விருவரையும் போற்றுவோருக்கு ஓணம் திருவோணத்தோடு முடிவதில்லை.

ஆட்டங்களும் படகுகளும்

ஊஞ்சல் கட்டுவது ஓணத்தின் முதல் அடையாளம். மாமரக் கிளையில் வடம் போட்டுப் பிள்ளைகள் ஆடுவர். பெண்கள் குத்துவிளக்கைச் சுற்றிக் கைகொட்டிக் களி ஆடுவர். வடம் இழுத்தல், உறியடி, பந்து விளையாட்டுகள் ஊர் மன்றங்களில் நடக்கும்.

வடக்கே வடகரை, குற்றியாடிப் பகுதிகளில் உத்திராடத்தன்றும் திருவோணத்தன்றும் ஓணப்பொட்டன் வீடு வீடாக வருவார். முகத்தில் வண்ணம் பூசி, தலையில் முடியும் கையில் ஓலைக்குடையும் மணியும் கொண்டு வருபவர் மாவேலியின் வடிவம் எனக் கருதப்படுகிறார். மலையர் சமூகத்தவர் இவ்வேடத்தைக் கட்டுவர். வேடம் கட்டியபின் பேசக்கூடாது. அதனால்தான் ஊமை என்னும் பொருளில் பொட்டன் என்ற பெயர். மணியொலி கேட்டதும் வீட்டார் அரிசியும் காணிக்கையும் கொடுத்து வணங்குவர். கடை விளம்பரங்களில் தொந்தியும் தங்கக் கிரீடமுமாக வரும் மாவேலியைவிட, பேசாமல் படலைக் கடந்து வந்து நிற்கும் இந்த மாவேலி பழமையானவர்.

திருச்சூரில் உடல் முழுவதும் புல் கட்டி மரமுகமூடி அணிந்து ஆடும் கும்மாட்டிக்களியும், நான்காம் ஓணத்தன்று புலிக்களியும் சிறப்புடையவை. புலிக்களி ஆட்டக்காரரின் உடல் மயிரை மழித்து, பெருவயிற்றில் புலி முகம் விழும்படி வண்ணம் தீட்டுவர். ஒரு பூச்சு காய்ந்தபின் மறு பூச்சு என்று பல மணி நேரம் கைகளை விரித்தபடியே நிற்க வேண்டும். மாலையில் செண்டை முழங்க வடக்குநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பெருவீதியில் புலிகள் இறங்கும்.

பம்பை ஆற்றங்கரையிலுள்ள ஆரன்முளாவில் சிங்ஙத்து உத்திரட்டாதி நாளில் வள்ளங்களி நடைபெறுகிறது. அதற்கு முன்பே, திருவோண விருந்துக்கான அரிசியும் காய்கறியும் ஏற்றிய திருவோணத் தோணி காட்டூரிலிருந்து பார்த்தசாரதி கோயிலுக்கு இரவு முழுவதும் பயணம் செய்து விடியலில் வந்துசேரும். குமாரநல்லூரிலிருந்து மங்காட்டுக் குடும்பத்து மூத்தவர் இதற்கென நீர்வழியாகவே வருவது மரபு. இங்குள்ள பள்ளியோடங்கள் கோயிலுக்குரிய புனிதப் படகுகளாக மதிக்கப்படுகின்றன. ஆலப்புழையில் 1952 முதல் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டியை ஓண நிகழ்ச்சி என்று பலர் எண்ணுகின்றனர். அது தனிப்பட்ட விளையாட்டுப் போட்டி.

வயல் சுருங்கியபின்

1970களின் நடுவில் கேரளத்தில் ஏறக்குறைய 8.8 லட்சம் எக்டேரில் நெல் பயிரானது. இன்று அது சுமார் 2 லட்சம் எக்டேர்தான். தென்னைக்கும் இரப்பருக்கும் வாழைக்கும் வீட்டு மனைக்கும் வயல்கள் மாறின. எஞ்சியதைக் காக்க 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வயலோடு வரப்பும் போனது. வரப்போடு தும்பையும் முக்குற்றியும் காக்காப்பூவும் அரிதாயின.

ஆகவே இன்றைய பூக்களம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் விளைகிறது. கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை, திண்டுக்கல், ஓசூர், கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை ஆகிய இடங்களிலிருந்து கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாகச் செல்கின்றன. அத்தம் பிறந்துவிட்டால் தோவாளைச் சந்தையில் விலை ஏறும். ஒட்டன்சத்திரம், கம்பம் பகுதிக் காய்கறிகள் சத்யாவின் இலையை நிரப்புகின்றன. கேரளத்தில் ஓணம் மழையில் நனைந்தால் தமிழக உழவரின் வருமானமும் நனையும். அண்மைக் காலத்தில் குடும்பசிரீ மகளிர் குழுக்கள் கேரளத்திலேயே கேந்தி பயிரிடத் தொடங்கியுள்ளன. பூக்களுக்கு வெளிமாநிலத்தை நம்பியிருக்கும் நிலையை இது ஓரளவு குறைக்கும். தும்பையைத் திரும்பக் கொண்டுவராது. விலைவாசியைக் கட்டுப்படுத்த மாநிலக் குடிமைப் பொருள் கழகம் ஓணச் சந்தைகளை நடத்துகிறது. அதன் மலிவு விலைக் கடைகளுக்கு மாவேலி ஸ்டோர் என்று பெயர்.

ஓணக்கோடியை நெய்யும் கைத்தறி ஊர்களுக்கும் ஆண்டின் விற்பனை பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில்தான். பாலராமபுரத்து நெசவின் தொடக்கம் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட சாலியர் குடும்பங்கள். 2018 ஆகஸ்டு நடுவில் பெருவெள்ளம் வந்தபோது எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் தறிகளும், ஓணத்துக்கென்று நெய்து அடுக்கிய துணிகளும் சேற்றில் மூழ்கின. அவ்வாண்டு திருவோணம் ஆகஸ்டு 25. அரசு ஓணவார விழாக்களை நிறுத்தி அந்தப் பணத்தை நிவாரணத்துக்கு ஒதுக்கியது. கறை போகாத சேலைகளைத் துவைத்து, நறுக்கி, தன்னார்வலர்கள் சிறு பொம்மைகளாகச் செய்து விற்று நெசவாளருக்குப் பணம் திரட்டினர். சேற்றிலிருந்து வந்த பிள்ளை என்ற பொருளில் அப்பொம்மைக்குச் சேக்குட்டி என்று பெயரிட்டனர்.

தமிழகத்தில்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சிப் பரப்பில் இருந்தவை. அதனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணம் அயல் திருநாள் அன்று. தமிழ் பேசும் வீடுகளிலும் ஊஞ்சல் கட்டி, அத்தப்பூக் கோலமிட்டு, அடைப் பிரதமன் வைப்பதைக் காணலாம். அம்மாவட்டத்துக்குத் திருவோணத்தன்று உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. மலையாளிகள் மிகுதியாக வாழும் கோவை, நீலகிரி, சென்னை மாவட்டங்களுக்கும் இவ்விடுமுறை உண்டு.

மாட்டுப்பொங்கல் போல ஓணத்தில் மாடுகளுக்கு ஒரு நாள் இல்லையா என்று தமிழ் மாணவர்கள் கேட்பதுண்டு. உண்டு, சற்றுத் தள்ளி வருகிறது. திருவோணத்திலிருந்து எண்ணி வரும் இருபத்தெட்டாம் ஓணம் கால்நடைகளின் ஓணம். கொல்லம் மாவட்டத்து ஓச்சிறையில் அன்று வைக்கோலும் துணியும் கொண்டு யானையினும் உயரமான காளை உருவங்களைக் கட்டி, ஊர் ஊராக வடம் பிடித்து இழுத்து வருவார்கள்.